யாரும் தள்ளாத வண்டி

எங்கள் தெருவில் ஆரஞ்சுப் பழங்கள் உருள ஆரம்பித்ததை முதலில் கவனித்தவள் சலூத். கவனித்ததோடு நிற்கவில்லை, நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்லவும் சொன்னாள். ஒருத்தராவது காதில் வாங்கினார்களா என்றால், இல்லை.

செவில் நகரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஆரஞ்சு மரம்தான். வாயில் வைக்க முடியாத கசப்பு. குளிர்காலம் பூராவும் பொத்துப் பொத்தென்று விழும். முன்பெல்லாம் விழுந்த பழம் விழுந்த இடத்திலேயே கிடந்து, டயரில் நசுங்கி, நாறும். தெருவைத் தோண்டிப் புதிதாகத் தார் போட்ட பிறகு அப்படி இல்லை. கார்க் கூரையில் விழுந்து தெறிக்கிற பழம் தாரில் ஒரு கணம் நின்று, பிறகு மெல்ல நகரும். நிறுத்தியிருக்கிற கார்களை ஒட்டியே கீழ்ப்பக்கமாக உருண்டு போகும். கோடி முனையில், காபிக்கடைக்கு எதிரே, ஓரத்துக்குத் திரும்பிச் சைக்கிள் பாதைக்குள் புகுந்துவிடும். அங்கே கடைசி மரத்தின் அடியில் தினமும் காலையில் ஒரு குவியல் கிடக்கும். யாரோ கூடையில் கொண்டுவந்து கொட்டியது போல இருக்கும்.

அந்தக் குவியலைத்தான் சலூத் தினமும் காலால் ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போவாள்.

சலூத் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. அண்டா அண்டாவாகப் பருப்பும் கொண்டைக்கடலையும் வேகவைத்து ஊற்றுகிற கை. பருத்த உடம்பு. சிரித்தால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்து, முழங்கால் வீங்கி, ராத்திரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்புறம்தான் தெருவை மாற்றினார்கள். நடைபாதையை ஒட்டிச் சைக்கிள் பாதை, அதற்கு வெளியே கார்கள் நிற்கிற வரிசை, அதற்கும் வெளியே ஓடுகிற வண்டிகள். நிற்கிற கார்களே சுவராக நின்று, ஓடுகிற கார்களிடமிருந்து சைக்கிள்காரரைக் காக்கும் என்பது ஏற்பாடு.

இந்தச் சுவர் வந்ததும் சலூத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் சக சமையல்காரி ஒருத்தி பின்னால் பிடித்துக்கொள்ள, விழுந்து எழுந்து, முட்டியெல்லாம் சிராய்த்து, அந்த வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டாள். முதல் நாள் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அழுதுவிட்டாளாம். "இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் மரம், நடுவுல நான். தாய் வயித்துக்குள்ள போற மாதிரி இருக்குடி" என்று எல்லோரிடமும் சொன்னாள். மஞ்சள் நிற மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டாள். அது தூரத்தில் தெரிந்தாலே தெருவில் இருக்கிறவர்கள், "மஞ்சக் கேனரிப் பறவை வருது" என்பார்கள்.

அவள் புருஷன் மார்சியாலுக்கு இதெல்லாம் வேப்பங்காய். அவன் காலமெல்லாம் பீர் பீப்பாய் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அவனிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. பாதை போட்டதில் தெருவில் கார் நிறுத்துகிற இடம் பாதியாகிவிட்டது. பாதி என்றால் பாதிதான், அதில் அவன் கோபம் நியாயம். சாயங்காலம் மூன்று சுற்றுச் சுற்றியும் இடம் கிடைக்காமல், கடைசியில் இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டு வருவான்.

இரண்டாம் வரிசைக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. நிற்கிற காரை மறித்து நிறுத்தினால், நியூட்ரலில் போட வேண்டும், ஹேண்ட்பிரேக்கைத் தொடக்கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவன் வந்து, மறித்த வண்டியைக் கையால் தள்ளி நகர்த்திவிட்டு, தன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான். கதவைத் தட்டவேண்டாம், ஹாரன் அடிக்கவேண்டாம், சண்டை இல்லை. ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போகிறவனை இங்கே மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள். ஒருமுறை வெளியூர்க்காரன் ஒருத்தன் போட்டுவிட்டுப் போக, மார்சியாலும் காபிக்கடைக் கும்பலும் சேர்ந்து அந்தக் காரைக் குலுக்கிக் குலுக்கித் தூக்கிக் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். இந்தக் கதையை மார்சியால் கல்யாண வீட்டிலும் சொல்வான், சாவு வீட்டிலும் சொல்வான்.

ஆனால் அதெல்லாம் தெரு மட்டமாக இருந்த காலம். மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க, புதுத் தாரை ஆற்றுப் பக்கமாகவும் ஓரத்துக் கால்வாய்ப் பக்கமாகவும் ஒரு பொடிச் சரிவு வைத்துப் போட்டிருந்தார்கள். நடந்தால் தெரியாது. காரில் உட்கார்ந்தால் தெரியாது. சைக்கிளில் சாயங்காலம் ஏறி வருகிற சலூத்தின் தொடைக்குத் தெரியும். ஆரஞ்சுக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே சலூத் கேட்டாள்.

"ஏய்யா, ராத்திரி வண்டிய மருந்துக்கடை வாசல்லதான விட்ட?"

"ஆமா."

"இப்ப அதத் தாண்டி நிக்குதே."

மார்சியால் ரொட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "எவனாவது தள்ளியிருப்பான். அதுக்குத்தானே நியூட்ரல்ல விடறது."

அடுத்த நாளும் ஒரு முழம் கீழே நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வேறு ஊராக இருந்தால், விட்ட வண்டி விட்ட இடத்தில் இல்லையே என்று பயந்திருப்பார்கள். எங்கள் தெருவில் யாரும் பயப்படவில்லை. வண்டி நகர்ந்திருந்தால் யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அப்படித்தானே?

சலூத்துக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மூன்றாம் மாடியில் ஏசி ரிப்பேர் செய்கிற தோரிபியோ இருக்கிறான், அவனுடைய வேன்தான் பெரும்பாலும் மார்சியாலின் காருக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். மாடிப்படியில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தோரிபியோ, நேத்து எங்க வண்டிய நீயா தள்ளின?"

"நானா? நேத்து நான் வேனையே எடுக்கலையே. முதுகு புடிச்சுக்கிச்சு, படுத்துக் கெடந்தேன்."

"அப்ப யாரு?"

"யாரோ தள்ளியிருப்பாங்க, விடேன் சலூ. போலீஸ்ல சேந்துட்டியா என்ன?"

அவள் விடவில்லை. மருந்துக்கடைப் பெண்ணைக் கேட்டாள். ரொட்டிக்கடையில் கேட்டாள். வரிசையில் கார் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரரையும் கேட்டுவிட்டாள். நான் இல்லை, நான் இல்லை, நான் ஊரிலேயே இல்லை. கேட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், பால்கனியில் நின்று காரையே பார்த்தாள். அந்தக் காரை ஒருத்தரும் தள்ளவில்லை. தள்ளாமலே அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடி முனைக்குப் போய்க்கொண்டிருந்தது, ஆரஞ்சுகள் போகிற அதே வழியில்.

அந்தக் கோடி முனையில்தான் இன்னொரு அநியாயம் நடந்திருந்தது. நிற்கிற கார்களின் வரிசை அங்கே முடிகிறது. சுவர் முடிகிற இடத்தில் வண்டி எதுவும் சைக்கிள் பாதைக்குள் நுழையாமல் இருக்க இடுப்புயர இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். பாதை திறந்த மாதமே, பட்டப்பகலில், காபிக்கடைக் கும்பல் கைதட்டி விசிலடிக்க, மார்சியால் ஸ்பேனரைக் கொண்டுவந்து இரண்டு தூண்களைக் கழற்றிவிட்டான். பீர் வண்டி கடை வாசலுக்கே வந்து சரக்கு இறக்க வழி வேண்டாமா என்பது அவன் வாதம். பழைய தொழில் பாசம்! தூண்கள் இரண்டும் காபிக்கடையின் பின்கட்டில், காலிப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் கிடந்தன.

"மார்சியாலு, அந்தத் தூணத் திரும்ப நட்டுடு" என்றாள் சலூத் அன்று சாப்பாட்டின்போது.

"நடலாம் நடலாம்."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம."

"எந்த ஞாயித்துக்கெழம? போப்பாண்டவரு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர ஞாயித்துக்கெழமையா?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்க பாரு. வண்டி தானா நகருது. நான் எல்லாரையும் கேட்டுட்டேன். யாரும் தள்ளல. ஒருநாளு அது சும்மா நகராது, போயிடும். போச்சுன்னா தூணு இருந்த அந்தச் சந்து வழியாத்தான் போவும். சாயங்காலம் அந்தப் பாதையில பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வருது. நான் வரேன்."

"அடியே, முப்பது வருஷமா நான் லாரி ஓட்டினவன். வண்டி எப்ப ஓடும், எப்ப ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? சாக்கடை மூடி விளிம்புல முன்சக்கரம் உக்காந்திருக்கு. யானை தள்ளினாத்தான் நகரும்."

"அப்ப ஹேண்ட்பிரேக்காவது போடேன்."

மார்சியால் ஸ்பூனைக் கீழே வைத்தான். முகம் மாறிவிட்டது. "என்னை இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க வேண்டாம்னு சொல்ற. அதானே?"

இரண்டு நாள் வீட்டில் தட்டும் கரண்டியும் மட்டும்தான் பேசிக்கொண்டன.

பிப்ரவரியில் ஒரு வாரம் மழை கட்டிக்கொண்டு நின்றது. வானம் தாழ்ந்து, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் சலூத் வேலை முடிந்து வரும்போது, காபிக்கடைக்கு எதிரே ஒரு ஆரஞ்சு அவள் முன்சக்கரத்தில் இடித்தது. சைக்கிள் ஆடிப்போய்க் காலை ஊன்றினாள். நிமிர்ந்து பார்த்தால், மேலே, இரண்டாம் வரிசையில், தங்கள் வெள்ளைக் கார் முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. நேராகத் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. சொந்தக் காரைப் பார்த்து ஒரு மனுஷி பயப்படுவாளா? அவள் பயந்தாள்.

வீட்டுக்குப் போனாள். ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்தாள். குப்பை கொட்டப் போகிறவள் போல இறங்கிவந்து, காரைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பூட்டிவிட்டுச் சாவியை மஞ்சள் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் ஹாரன் சத்தம் தெருவையே பிய்த்தது. தோரிபியோவுக்கு அவசர வேலை, ஏதோ முதியோர் இல்லத்தில் ஹீட்டர் நின்றுவிட்டது. வேன் உள்ளே. வெளியே மார்சியாலின் கார். முதுகு வலியோடு தள்ளித் தள்ளிப் பார்க்கிறான், அசையவில்லை. சலூத் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது பாதித் தெரு அங்கே கூடிவிட்டது. காபிக்கடையிலிருந்து மார்சியால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்னப்பா, காலையில சாப்பிடலியா? தள்ளத் தெம்பு இல்லையா?" என்றான்.

"நீ வந்து தள்ளு, பாப்போம். ஹேண்ட்பிரேக் போட்டு வச்சிருக்கே!"

"யாரு? நானா?"

"பின்ன, நானா?"

மார்சியால் கதவைத் திறந்து பார்த்தான். பார்த்தவன் முகத்தில் ரத்தம் ஏறியது. கும்பலில் ஒருவன், "வெளியூர்க்காரன் வண்டியக் குப்பைத்தொட்டியில வச்சோமே, ஞாபகம் இருக்கா?" என்று எடுத்துக் கொடுத்தான். சிரிப்பு கிளம்பியது.

"நான்தான் போட்டேன்" என்றாள் சலூத். "அவரு இல்ல. நான்."

அது காப்பாற்றுமென்று நினைத்துச் சொன்னாள் பாவம். அதுதான் வினையானது.

"ஓ! வண்டிக்கு ரெண்டு டிரைவரா?" என்றான் தோரிபியோ. "மார்சியாலு, இனிமே பூட்டுறதுக்கு முன்னால வீட்டுல கேட்டுட்டுப் பூட்டு!"

இந்தச் சிரிப்பை மார்சியால் தாங்குவானா? ஹேண்ட்பிரேக்கை டக்கென்று இறக்கினான். கதவை அறைந்து சாத்திப் பூட்டினான். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, பின்பக்கம் போய், ஒற்றை ஆளாகத் தோளைக் கொடுத்துத் தள்ளினான். முன்சக்கரம் சாக்கடை மூடியின் விளிம்பில் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தள்ளு. சக்கரம் ஏறி, மூடியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி நின்றது. கும்பல் கைதட்டியது. தோரிபியோ வேனை எடுத்துக்கொண்டு பறந்தான்.

சலூத் பார்த்தாள். முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய ஆரஞ்சு அடைகொடுத்துக்கொண்டிருந்தது. கார் நின்றது அந்தப் பழத்தில்தான்.

"மார்சியாலு, கும்பிட்டுக் கேக்கறேன், அங்க விடாத. ஆரஞ்செல்லாம் எங்க உருளுதுன்னு பாரு."

"நான் ஆரஞ்சு ஓட்டல, கார் ஓட்டறேன்" என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும்: "நீ போ. போயி உன் பருப்ப வேகவை. என் மானத்த வாங்கினது போதும்."

அவள் போனாள். போயிருக்கக்கூடாது என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு யார் போடுவது? சொல்கிறவர்கள் போடுவார்களா?

அன்று பூராவும் மழை விட்டுவிட்டுப் பெய்தது. அண்டாவைக் கிளறும்போதும் அவளுக்கு அந்தப் பழம்தான் கண்ணில் நின்றது. மழையில் ஊறி, கனம் தாங்காமல், தோல் வெடித்து, சாறு கசிந்து, மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டிருக்கும். உப்பை இரண்டு முறை போட்டுவிட்டாள். சக சமையல்காரி, "யாரு மேலடி நெனப்பு?" என்று கிண்டல் செய்தாள். சலூத் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

பாலத்தைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது மழை நின்றிருந்தது. கார்ச் சுவருக்கு இந்தப் பக்கம், மரங்களின் கீழே, அவளுடைய பாதை ஈரமாகப் பளபளத்தது. மேட்டில் மூச்சு வாங்க மிதித்தாள். தெரு அமைதியாக இருந்தது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்கிற நேரம். எதிரே மேலிருந்து ஒரு ஆரஞ்சு உருண்டு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. காபிக்கடை வாசலில் மார்சியால் நிற்பது தெரிந்தது. கையில் எதையோ வைத்திருந்தான். கிட்டப் போகும்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. கழற்றிப் போட்ட இரும்புத் தூணில் ஒன்று. இன்னொரு கையில் ஸ்பேனர். ஞாயிற்றுக்கிழமை கூட இல்லை, நடுவார நாள்.

அவள் மிதித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

மார்சியாலும் அவளைப் பார்த்தான். ஆனால் சிரிக்கவில்லை. அவன் கண் அவளுக்கு அந்தப் பக்கம், கார்ச் சுவருக்கு மேலே, அவளுக்குத் தெரியாத எதையோ பார்த்தது. தூண் கையிலிருந்து விழுந்தது.

"சலூ! நில்லு! நில்லு!"

அவள் பிரேக்கைப் பிடிப்பதற்குள் அவன் ஓடிவந்து சந்தில் நின்றுவிட்டான். இரண்டு தூண்கள் இருந்த அதே இடத்தில், கையிரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு. காலமெல்லாம் கையால் தள்ளிய வண்டிதானே, கையாலேயே நிறுத்திவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். வெள்ளைக் கார், வரிசையில் கடைசியாக நின்ற வேனுக்குப் பின்னாலிருந்து வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, ஆள் இல்லை. நடக்கிற வேகம்தான், அதற்கு மேல் இல்லை. ஓரத்துக்குத் திரும்பி, சந்துக்குள் நுழைந்து, அவன் கைகளைத் தொட்டு, அவனைப் பின்னால் தள்ளிக்கொண்டே சைக்கிள் பாதையைக் குறுக்காகக் கடந்து, கடைசி ஆரஞ்சு மரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து நின்றது. மரம் குலுங்கிப் பழங்கள் கூரையில் விழுந்தன. சலூத்தின் முன்சக்கரத்துக்கும் காருக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். மரத்துக்கும் காருக்கும் நடுவே அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். விழ இடம் இல்லை. அவள் பானெட்டைப் பிடித்துத் தள்ளினாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள், கத்தினாள். மேடு. ஒற்றைப் பொம்பளையால் ஆகிற காரியமா? காபிக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவருவது கேட்டது.

மார்சியால் அவள் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"யாருடி தள்ளினது?" என்றான்.

சாக்கடை மூடியைத் தாண்டி அவன் தோள் கொடுத்துத் தள்ளியதை அவள் பார்த்திருந்தாள். காலையில் தெருவே கைதட்டியதையும் பார்த்திருந்தாள்.

"யாரும் தள்ளல, மார்சியாலு" என்றாள். "யாரும் தள்ளல."

கோட்டைப் பிடித்திருந்த அவன் விரல்கள் விட்டன, மூச்சும் நின்றுவிட்டது. ஓடிவந்தவர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து காரைப் பின்னுக்குத் தள்ளி அவனை எடுத்துப் படுக்கவைத்தார்கள். எடுத்ததும் காரைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்கள். கார் மறுபடியும் மெல்ல நகர ஆரம்பித்தது. சலூத் கோட்டுப் பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து, கதவைத் திறந்து, உள்ளே குனிந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.